ஓடும் சக்கரமும் ஒட்டிய சக்கரமும்

அகமதாபாத்தில் சபர்மதி ஆற்றங்கரையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பழம்பொருள் சந்தை ஒன்று கூடுகிறது. குஜரி என்றும் ரவிவாரி என்றும் அதனை அழைப்பர். பித்தளைப் பாத்திரம், கைப்பிடி இழந்த இஸ்திரிப்பெட்டி, சாவி இல்லாத பூட்டு, பூட்டு இல்லாத சாவி என எல்லாம் தரையில் விரித்த துணியின்மேல் கிடக்கும். அருகில் எல்லிஸ் பாலம் நிற்கிறது. 1892இல் கட்டப்பட்ட அந்த எஃகுப் பாலத்தின் வளைவுகளும் குறுக்குச் சட்டங்களும் எதனையும் மறைப்பதில்லை. எந்தச் சட்டம் எந்தச் சட்டத்தைத் தாங்குகிறது என்பதைக் கரையில் நிற்கும் சிறுவனும் விரலால் சுட்டிக் காட்டிவிடலாம்.

இந்தச் சந்தையில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, சாவி கொடுத்து ஓட்டும் பழைய அலாரக் கடிகாரம் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்குகிறாள் எனக் கொள்க. ஆலை வேலையை நம்பித் தாத்தா காலத்தில் இந்நகருக்கு வந்த தமிழ்க் குடும்பம் அவளுடையது. கடிகாரம் ஓடவில்லை. பள்ளிக் கலைக் கண்காட்சிக்காக அதனை ஸ்டீம்பங்க் அலங்காரப் பொருளாக மாற்றுவது அவள் திட்டம்.

ஸ்டீம்பங்க் என்பது நீராவிக் காலத்தைப் பற்றிய ஒரு கற்பனை. மின்னணுக் கருவிகள் தோன்றாமல், நீராவியும் பித்தளையும் பற்சக்கரமுமே வளர்ந்துகொண்டு போயிருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்று அது கேட்கிறது. 1987இல் கே. டபிள்யூ. ஜீட்டர் என்னும் அமெரிக்க எழுத்தாளர், லோகஸ் என்னும் இதழுக்கு எழுதிய கடிதத்தில் இச்சொல்லை ஏறக்குறைய வேடிக்கையாகவே முன்மொழிந்தார். கதைகளுக்கு இடப்பட்ட அப்பெயர் பின்னர் உடைக்கும் நகைக்கும் விளக்குக்கும் அலமாரிக்கும் பரவியது. 2009இல் ஆக்ஸ்ஃபோர்டு நகரின் அறிவியல் வரலாற்று அருங்காட்சியகமே இக்கலைக்கென ஒரு கண்காட்சி நடத்தியது.

இக்கலையினர் ஜூல் வெர்ன் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரைத் தம் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றுவர். அவர் படைத்த நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் நீராவியால் ஓடவில்லை, மின்சாரத்தால் ஓடியது என்பது சுவையான முரண். அதன் தலைவன் நீமோ, புந்தேல்கண்டைச் சேர்ந்த ஓர் இந்திய இளவரசன் என்பதைப் பின்னர் வந்த நாவலில் வெர்ன் வெளிப்படுத்தினார். ஆகவே இக்கற்பனை உலகில் இந்திய மாணவர் விருந்தினராக நுழைய வேண்டியதில்லை. அகமதாபாத்துக்கோ அது கற்பனையே அன்று. 1861இல் அந்நகரின் முதல் பஞ்சாலை ஓடத் தொடங்கியது நீராவியின் விசையால்தான்.

அலங்காரப் பொருள் செய்யும் முறை எளிது. பழைய பொருளின் அழுக்கைப் போக்கி, உப்புத்தாளால் தேய்த்து, கருப்பு வண்ணம் பூச வேண்டும். அதன்மேல் பற்சக்கரம், திருகாணி, வாஷர், சங்கிலித் துண்டு, தோல், நூல், பழைய தாள் எனப் பலவற்றையும் பசையால் ஒட்ட வேண்டும். பல பொருள்கள் ஒன்றாகச் சேர்வதால் இதனைக் கலப்பு ஊடகக் கலை என்பர். எல்லாவற்றின் மீதும் மீண்டும் கருப்பு பூசிக் காய்ந்தபின், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் செம்பு நிறத்தையும் பொன் நிறத்தையும் மேடான இடங்களில் மட்டும் தடவினால், பிளாஸ்டிக்கும் அட்டையும்கூட நூறாண்டுப் பித்தளைபோல் தோன்றும். கைகளுக்கு இது நல்ல பயிற்சி. குப்பைக்குப் போகவிருந்த ஒன்று மேசைக்கு வருகிறது. இவ்வளவும் பாராட்டத்தக்கவையே.

ஆயினும், ஒட்டுவதற்கு முன் அந்தக் கடிகாரத்தைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்?

இக்கலை பற்சக்கரத்தை விரும்புவதற்குக் காரணம் அதன் வடிவம் மட்டுமன்று. இன்றைய கைப்பேசியின் உள்ளே நிகழ்வது கண்ணுக்குத் தெரியாது. சாவிக் கடிகாரமோ தன் இரகசியத்தை ஒளிப்பதில்லை. சுருள்வில் இறுகுகிறது, அது விரிய முயன்று சக்கரத்தைத் தள்ளுகிறது, நங்கூரம் போன்ற ஒரு சிறு கவை ஒவ்வொரு பல்லாகத் தடுத்துத் தடுத்து விடுகிறது. அந்தத் தடுப்பின் ஓசைதான் 'டிக் டிக்' என்று கேட்கிறது. நிமிட முள் பன்னிரண்டு முறை சுற்றும்போது மணி முள் ஒரே முறை சுற்ற வேண்டும். 12 பற்களுள்ள சக்கரம் 36 பற்களுள்ள சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் மூன்றில் ஒரு பங்காகும். அதே அச்சில் அமைந்த 10 பற்களுள்ள சக்கரம், 40 பற்களுள்ள மற்றொன்றைச் சுழற்றினால் அது மேலும் நான்கில் ஒரு பங்காகும். மூன்றும் நான்கும் பெருக்கப் பன்னிரண்டு. கணக்குப் பாடம் சட்டைப்பையில் அடங்கும் அளவுக்குச் சுருங்கி, பித்தளையில் ஓடுகிறது.

இந்தப் பேரழகைப் பசைக்குள் புதைத்துவிட்டு, அதன் மூடியின்மேல் வேறு நான்கு சக்கரங்களை ஒட்டுவதை எப்படி நீராவிக் காலத்துக்குச் செய்யும் மரியாதை என்பது? பல அலங்காரப் பொருள்களில் மூன்று பற்சக்கரங்கள் முக்கோணமாக ஒன்றையொன்று கவ்வி நிற்பதைக் காணலாம். பார்வைக்கு அழகுதான். ஆனால் முதற்சக்கரம் வலப்புறம் சுழன்றால் இரண்டாவது இடப்புறம் சுழல வேண்டும். இரண்டையும் தொடும் மூன்றாவது, ஒன்றுக்காக இடமும் மற்றொன்றுக்காக வலமும் ஒரே நேரத்தில் சுழல வேண்டும். அது இயலாது. அங்கே மூன்றும் பூட்டிக்கொண்டு நிற்கும். அதைச் செய்தவர் சக்கரத்தைப் பார்த்திருக்கிறார், சுழற்சியைப் பார்க்கவில்லை.

அலங்காரம் அலங்காரம்தானே, ஓடியே தீர வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சுவரில் வரைந்த விளக்கு எரியவில்லை என்று யாரும் குறை கூறுவதில்லை. ஆனால் சுவரில் விளக்கு வரைவதற்காக எவரும் எரியும் விளக்கை உடைப்பதுமில்லை. இங்கே நேர்வது அதுதான். சற்றே எண்ணெய் காய்ந்ததால் நின்றுபோன கடிகாரம், என்றென்றைக்கும் நிறுத்தப்படுகிறது. வெளிநாடுகளில் பழைய தட்டச்சுப் பொறிகளின் விசைகளை மட்டும் வெட்டி எடுத்து மோதிரமும் காதணியும் செய்வதை, அப்பொறிகளைச் சேகரிப்போர் கடுமையாக எதிர்ப்பதும் இக்காரணத்தினால்தான். மோதிரம் ஒன்று கிடைக்கிறது. எழுதக்கூடிய பொறி ஒன்று மறைகிறது.

குப்பையைக் குறைக்கிறோம் என்னும் வாதத்தையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். பழைய இரும்புக் கடைக்காரர் பித்தளைக்கு ஒரு விலையும் இரும்புக்கு ஒரு விலையும் தருவார். ஏனெனில் தனித்தனியாக இருக்கும்வரை அவற்றை உருக்கி மீண்டும் புதிதாக்கலாம். பித்தளை, பிளாஸ்டிக், மரம், துணி ஆகியவற்றை எபாக்சி பசையால் ஒன்றாக்கி, மேலே வண்ணமும் பூசிவிட்டால், நாளை அதனைப் பிரிப்பது அரிது. அந்தப் பொருளுக்கு அதன்பின் மறுபிறவி இல்லை. இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. கைவினைப் பொருள் கடைகளில் பழையதுபோல் தோன்றும் புதிய பற்சக்கரங்கள் பொட்டலமாக விற்கப்படுகின்றன. பழையதைக் காப்பாற்றுவதற்காகப் புதிதாகச் செய்த போலிப் பழையதை வாங்குவது எந்தச் சிக்கனத்தில் சேரும் என்பதை வாங்குவோர்தாம் சொல்ல வேண்டும்.

அப்படியானால் எதையுமே ஒட்டக் கூடாதா? ஒட்டலாம். சண்டிகரில் நேக் சந்த் அமைத்த பாறைத் தோட்டம் 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. உடைந்த வளையல், உடைந்த பீங்கான், தூக்கி எறியப்பட்ட கட்டடக் கழிவு ஆகியவற்றால் அவர் மனித உருவங்களையும் விலங்குகளையும் ஆக்கினார். உடைந்த வளையலை மீண்டும் கையில் அணிய முடியாது. முழு வளையல்களை வாங்கி உடைத்துப் பொம்மை செய்ய அவர் முனையவில்லை. முற்றிலும் முடிந்துபோன பொருளை எடுத்து இன்னொரு வாழ்வு தருவதும், நோயுற்ற பொருளைக் கொன்று அலங்கரிப்பதும் ஒன்றாகா.

அம்மாணவியின் கடிகாரம் எந்த வகை? அதனைத் திறக்காமல் சொல்ல முடியாது. திறப்பதையும் அவள் தனியே செய்துவிடக் கூடாது. முறுக்கேறிய சுருள்வில் துள்ளி வெளிவந்தால் கையைக் கிழிக்கும். இருட்டில் ஒளிரும் முட்களைக் கொண்ட மிகப் பழைய கடிகாரம் எனின், அந்தப் பூச்சில் ரேடியம் இருக்கக்கூடும். 1960கள் வரை அப்படிப் பூசியதுண்டு. அதைச் சுரண்டவோ உப்புத்தாளால் தேய்க்கவோ கூடாது. நல்லவேளையாக அவளது கடிகாரத்தின் முட்கள் வெறும் கருப்பு நிறம் எனவே கொள்க.

அவள் அதனைக் கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் எடுத்துச் செல்கிறாள். அவர் ஒரு கண்ணில் உருப்பெருக்கியைச் செருகிக்கொண்டு உள்ளே பார்க்கிறார். தூசும் காய்ந்த எண்ணெயும்தான் குற்றவாளிகள். ஒரு சக்கரத்தின் பல் மட்டும் தேய்ந்திருக்கிறது. அதற்கு மாற்றாக, இழுப்பறையில் கிடக்கும் வேறொரு கடிகாரத்தின் சக்கரத்தை அவர் பொருத்துகிறார். மூன்று செத்த கடிகாரங்களிலிருந்து ஓர் உயிருள்ள கடிகாரத்தை எடுக்கும் இவ்வித்தையும் ஒருவகை மறுவாக்கமே. இதற்குக் கண்காட்சியில் பரிசு வைப்பவர்தாம் இல்லை. சந்தைக்கு வரும் பழைய சக்கரங்களையெல்லாம் அலங்காரத்துக்கென அள்ளிச் சென்றால், நாளை அந்த இழுப்பறை வெறுமையாக இருக்கும்.

கலைப்பொருளை அவள் கைவிடவும் வேண்டியதில்லை. பின்புறத் தகர மூடியைக் கழற்றிவிட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு ஒன்றைத் திருகாணியால் பொருத்துகிறாள். இப்போது உள்ளிருக்கும் சக்கரங்களே அலங்காரம். கடிகாரத்தைத் தாங்கும் பலகைக்குச் செம்பு நிறம் பூசுகிறாள். அதன்மேல், ஆலைத் துணியின் ஒரு கரைத் துண்டையும் தாத்தாவின் ஆலை அடையாளச் சீட்டின் நகலையும் ஒட்டுகிறாள். அசல் சீட்டு வீட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது. 1980களில் அந்நகரின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபின் ஆலைச் சங்கும் ஓய்ந்தது. அதுவரை தாத்தாவை எழுப்பியது இதுபோன்ற ஒரு கடிகாரம்தான்.

கண்காட்சி முடிந்து அது வீட்டுக்கு வருகிறது. இரவில் தாத்தாதான் சாவி கொடுக்கிறார். காலை ஐந்து மணிக்கு வைத்த அலாரம் ஐந்தேகாலுக்கு அடிக்கிறது. திருத்திக்கொண்டு வரலாம் என்று மகள்வயிற்றுப் பேத்தி கூறுகிறாள். இனி எந்த ஆலைக்கு நேரமாகிறது என்று கேட்டுவிட்டு, அவர் மறுநாளைக்கும் சாவியைத் திருகுகிறார்.