முதல் செலவு ஊசிக்கு

பரணிலிருந்து பழைய இசைத்தட்டுகளை இறக்கியவர்கள் கடைக்குப் போனதும் கேட்பது பெரிய ஆம்ப்ளிஃபயரும் விலையுயர்ந்த கேபிளும்தான். பணம் தவறான முனையில் இறங்குகிறது.

ஒலி பிறக்கும் இடம் ஊசி முனை. அங்கே பிசகியதை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கித் தருமே தவிர, திருத்தித் தராது. உதாரணமாக, ஊசியைத் தாங்கும் ஆர்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜுக்கு நிறுவனம் சொல்லும் ஊசி அழுத்தம் 1.8 கிராம். தட்டு தேய்ந்துவிடும் என்று பயந்து பலர் அதைக் குறைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு: அழுத்தம் குறைந்த ஊசி பள்ளத்தின் சுவரைப் பற்றாமல் துள்ளி, தட்டைச் சிராய்க்கிறது. சில நூறு ரூபாய் டிஜிட்டல் தராசு போதும், அழுத்தத்தைச் சரியாக வைக்க.

கடைசிப் பாட்டில் மட்டும் 'ஸ', 'ஷ' எல்லாம் சீறுகிறதா? எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல்கிறது. வெளி விளிம்பில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. ஓடும் பள்ளம், உள்ளே வரும்போது 21 செ.மீ.தான் ஓடுகிறது. குறுகிய இடத்தில் நெருக்கி எழுதப்பட்ட ஒலியைப் படிக்க, கார்ட்ரிட்ஜ் கோணம் இம்மியும் பிசகக் கூடாது. அதற்கான அளவுகோலை அச்சிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு டர்ன்டேபிளின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் நிற்கும் அதே பலகையில் டர்ன்டேபிளும் இருந்தால் உடனே பிரித்துவிட வேண்டும். ஸ்பீக்கரின் அதிர்வு ஊசிக்குள் புகுந்து மீண்டும் ஒலியாகிறது. எக்கோ நிறுவனம் வெளியிட்ட இளையராஜா தட்டுகளில் பேஸ் கிதார் குழம்பிக் கேட்பதாகக் குறைசொல்பவர்கள், முதலில் அந்தப் பலகையைத்தான் பார்க்க வேண்டும்.