முகமூடியும் முகமும்

இணையத்தின் கற்பனை உலகங்களில் வேற்றுப் பெயரும் வேற்றுருவும் பூண்டு உலவும் இளைஞரைக் குறித்து இரண்டு கூற்றுகள் ஓயாமல் நம் செவிகளில் விழுகின்றன. அது வெறும் பொய். மெய்யான வாழ்விலிருந்து தப்பியோடும் வழி என்பது ஒன்று. பிரசங்க மேடைகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் மிகுதியாக ஒலிப்பது இதுவே. கூச்சமுடையோருக்கு அது மருந்து. அங்கே பெறும் துணிவு இங்கேயும் கைகொடுக்கும் என்பது மற்றொன்று. இரண்டையும் நாம் மறுக்கிறோம். முதலாவதைச் சற்று வன்மையாகவே மறுக்கிறோம்.

முகமூடி என்றாலே பொய் என்று முழங்குவோர் இறையியல் வரலாற்றைச் சிறிது புரட்டட்டும். மூவொரு கடவுளில் 'ஆள்' என்று நாம் அறிக்கையிடுவதற்கு மூலமான 'பெர்சோனா' என்ற இலத்தீன் சொல், நாடக நடிகன் அணிந்த முகமூடியைக் குறித்ததே. தெர்த்துல்லியன் அதனை இறையியலுக்குள் கொணரத் தயங்கவில்லை. (குருமடத்தில் இதைப் படித்துத் தேர்வெழுதியோரே மேடையேறியதும் மறந்துவிடுவதுதான் வியப்பு.) முகம் மறைந்தால் மட்டுமே வாய் திறக்கும் உண்மைகள் உண்டு என்பதும் திருச்சபை அறியாததன்று. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குருவுக்கும் மனந்திருந்தி வருபவருக்கும் இடையே துளையிட்ட தடுப்பு எதற்கு? 16ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயராயிருந்த புனித சார்லஸ் பொரோமியோ வலியுறுத்திப் பரப்பிய ஏற்பாடு அது. அத்தடுப்பின் பின்னிருந்து பேசுபவர் பொய் பேசுகிறார் என்று எவரும் சொல்வதில்லை.

நார்வே நாட்டு மாட்ஸ் ஸ்டீனின் வரலாற்றைக் கேளுங்கள். தசைகளைப் படிப்படியாக அழிக்கும் டூஷேன் நோயுற்று, சக்கர நாற்காலியில் முடங்கி, 2014இல் தம் 25ஆம் வயதில் அவர் இறந்தார். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கணினி விளையாட்டில் கழித்த மகன் நட்பும் காதலும் அறியாமலே மறைந்தான் என்று பெற்றோர் வருந்தினர். மகனின் இணையப் பக்கத்தில் தந்தை மரணச் செய்தியை வெளியிட்டார். முன்பின் அறியாதோரின் மடல்கள் வந்து குவிந்தன. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் விளையாட்டுலகில் 'இபெலின்' என்ற பெயரோடு, ஓடவும் நடக்கவும் வல்ல திடகாத்திர வீரனாய் உலவிய அவர், பலருடைய துயரங்களுக்குச் செவிகொடுத்திருந்தார். தன் மகனோடு நெருங்க இயலாது தவித்த தாயொருவருக்கு வழி சொல்லியிருந்தார். அவரை ஒருமுறையேனும் நேரில் கண்டிராத நண்பர்கள் பிற நாடுகளிலிருந்து வந்து அடக்கச் சடங்கில் நின்றனர். பெஞ்சமின் ரீ இயக்கிய ஆவணப்படமாக 2024இல் இது உலகறிய வந்தது. இதையும் பொய் என்போமா?

அப்படியாயின் மருந்து என்போரின் கட்சி வென்றதா? அதுவும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நிக் யீ, ஜெரமி பெயிலன்சன் இருவரும் நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. கணினி உலகில் சிலருக்கு உயரமான உருவமும் சிலருக்குக் குட்டையான உருவமும் தந்து, ஒரு தொகையைப் பங்கிட்டுக்கொள்ளச் செய்தனர். உயர்ந்த உருவம் பெற்றோர் தமக்கே அதிகம் ஒதுக்கினர். குட்டை உருவம் பெற்றோர் அநியாயப் பங்கீட்டுக்கும் இணங்கினர். திரையைவிட்டு நேருக்கு நேர் அமர்ந்த பின்னும் இம்மனப்போக்கு தொடர்ந்ததைப் பின்னர் 2009இல் எழுதினர். துணிவு இடம்பெயர்கிறது என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுகின்றனர். எந்தத் துணிவு? பிறன் பங்கைக் குறைக்கும் துணிவு! நெட்டையனுக்கு ஒரு நீதி, குட்டையனுக்கு ஒரு நீதி என்னும் இவ்வுலகின் அளவுகோலே அங்கும் ஆள்கிறது. வேண்டிய உருவத்தை எடுத்துக்கொள்ள வசதி இருக்கிறது என்பதுதான் வேறுபாடு.

மாட்ஸுக்கு வாழ்வளித்தது இபெலினின் கட்டுடல் என்று நாம் நினைக்கவில்லை. நீண்ட காலம் தம் நோயை அவர் நண்பர்களிடம் மறைத்தே வைத்திருந்தார். பிற்காலத்தில், தசைகள் தளர்ந்த தம் உண்மை நிலையைத் தாமே எழுதி வெளிப்படுத்தினார். அறிந்த பின்னும் அவர்கள் விலகவில்லை. அடக்கத்திற்கு வந்தவர்கள் வீரனைத் தேடி வரவில்லை; சக்கர நாற்காலியில் இருந்த மனிதனுக்காகவே வந்தார்கள்.

இனி நம் வரவேற்பறைகளுக்கு வருவோம். விருந்தினர் வந்ததும் பிள்ளையை அழைத்து நிறுத்துகிறோம். மதிப்பெண் என்ன, ஏன் இப்படி மெலிந்து கறுத்துவிட்டாய், அண்ணனைப் போல் உனக்குப் பேச வராதா என்று அவன் காதுபடவே கேட்கிறோம். திக்குவாய்ப் பிள்ளை ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை பொறுப்பவர் எத்தனை பேர்? தண்ணீர்க் குவளையை நீட்டிவிட்டு உள்ளே மறையும் அப்பிள்ளை, நள்ளிரவில் விசைப்பலகையின் முன் அமர்ந்து நகைச்சுவையாளனாகவும் ஆலோசகனாகவும் மலர்கிறான் என்றால், குற்றக் கூண்டில் நிற்க வேண்டியது கணினி மட்டுமா? "அணைத்துவிட்டுப் படு" என்று கதவைத் தட்டும் தந்தைக்கு, மகன் அங்கே எந்தப் பெயரில் அழைக்கப்படுகிறான் என்று தெரியுமா? யாருடைய துயரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அக்கதவு தட்டப்பட்டது என்றாவது அவர் கேட்டதுண்டா?