கங்கையில் நீர் விட்டால் போதுமா? மீனுக்கு வழி எங்கே?

புது தில்லி: உத்தரகண்ட் நீர் மின் திட்டங்கள் பற்றிய விவாதங்களில் மின்சாரம், நிலச்சரிவு, வெள்ளம் ஆகியவையே முன்னிற்கின்றன. ஆற்று மீன்களின் கதி கோப்புகளின் கடைசிப் பக்கங்களோடு நின்றுவிடுகிறது.

கங்கையின் தோற்றுவாய் முதல் ஹரித்வார் வரை, அணைகளிலிருந்து ஆற்றில் விட வேண்டிய குறைந்தபட்ச நீரின் அளவை 2018 அக்டோபரில் மத்திய அரசு நிர்ணயித்தது. நவம்பர் முதல் மார்ச் வரை நீர்வரத்தில் 20 சதவீதம். அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25 சதவீதம். ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 சதவீதம். இதைக் கண்காணிக்கும் பொறுப்பு மத்திய நீர் ஆணையத்துடையது. ஆற்றை முற்றிலும் வறண்டுபோக விடக் கூடாது என்ற வகையில் இது வரவேற்கத்தக்கதே. ஆனால், மீனுக்கு இது போதுமா?

அழிவின் விளிம்பில் உள்ள பொன்னிற மஹசீர் மீன், மழைக்காலத்தில் அடிவாரத்திலிருந்து நீரோட்டத்தை எதிர்த்து மேலேறும். துணையாறுகளின் சரளைக்கற்கள் நிறைந்த தெளிந்த நீரில் முட்டையிட்டுத் திரும்பும். தேவப்பிரயாகைக்குக் கீழே கங்கையில் கலக்கும் நயார் ஆறு அத்தகைய இடங்களுள் ஒன்று.

இந்தப் பயணத்தை அணைகள் பல வகையில் முறிக்கின்றன. 260.5 மீட்டர் உயர டெஹ்ரி அணையில் மீன்கள் ஏறிச் செல்ல வழியே இல்லை. ரிஷிகேஷில் கங்கையின் நீர் கால்வாய் வழியே 144 மெகாவாட் சில்லா மின் நிலையத்துக்குத் திருப்பப்படுகிறது. இடைப்பட்ட ஆற்றுப் பகுதி மெலிகிறது. மின் தேவை மிகும் நேரத்தில் மட்டும் நீரைத் திறந்துவிடும் இடங்களில் சில மணி நேரத்திலேயே நீர்மட்டம் ஏறி இறங்குகிறது. முட்டைகள் அடித்துச் செல்லப்படுகின்றன. அல்லது கரையில் காய்ந்து போகின்றன.

தேங்கிய நீரில் வாழும் மீன் இனமும் மாறிவிடுகிறது. இமாசலப் பிரதேசத்தில் பக்ரா அணையின் கோவிந்த் சாகர் நீர்த்தேக்கத்தில், 1970-களில் தற்செயலாகப் புகுந்த வெள்ளிக் கெண்டை பெருகியது, மஹசீர் அருகியது.

சதவீதக் கணக்கு எவ்வளவு நீர் என்பதைச் சொல்கிறது. வழி திறந்திருக்கிறதா என்பதை அது கேட்பதில்லை. அலக்நந்தா, பாகீரதி படுகைகளை ஒட்டுமொத்தமாக ஆராய்ந்த இந்திய வனவிலங்கு நிறுவனம், 24 திட்டங்களைக் கைவிடவும் நயார், பால்கங்கா ஆறுகளை மீன்களுக்கென ஒதுக்கவும் 2012-ல் பரிந்துரைத்தது. 2013 வெள்ளத்துக்குப் பின் புதிய திட்டங்களுக்கு அனுமதி அளிப்பதை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. எனினும், 7 திட்டங்களைத் தொடரலாம் என 2021-ல் மத்திய அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது. இதனிடையே 2019-ல் பெரிய நீர் மின் திட்டங்களும் புதுப்பிக்கத்தக்க எரிசக்திப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

25 மெகாவாட்டுக்குக் குறைந்த திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடே தேவையில்லை. அத்தகைய சிறு திட்டங்களுக்கு ஏற்றவை துணையாறுகள். மீன்கள் முட்டையிடுவதும் அங்கேதான்.

குஞ்சு பொரிப்பகம் அமைத்து மீன் குஞ்சுகளை ஆற்றில் விடுவது பரிகாரமாக முன்வைக்கப்படுகிறது. வளர்ந்தபின் அவை எந்த வழியாக மேலேறும் என்பதற்கு விடை இல்லை. ஒவ்வொரு திட்டமாக அனுமதி வழங்கும் முறையை மாற்றி, எந்தெந்தத் துணையாறுகளில் அணையே கூடாது என்பதை முன்கூட்டியே அறிவிப்பதுதான் உரிய தீர்வு. அதற்கான பரிந்துரை 2012 முதல் அரசின் கையில் இருக்கிறது.