காந்தம் வைக்கும் முன் அளந்தார்களா?

போன மாதம் ஊரிலிருந்து தம்பி போன். சித்தப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஆறு நாள், வலது கை சுத்தமாக அசையவில்லை. "அண்ணே, இங்க ஒரு இடத்துல தலையில காந்தம் வச்சுக் கையை வரவைக்கிறாங்களாம். இருபது சிட்டிங். பணம் அனுப்புறியா?"

புனேயில் உட்கார்ந்துகொண்டு இதற்கு என்ன சொல்வது? பணம் அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று தோன்றும். வெளியூரில் இருக்கிற நமக்கெல்லாம் இருக்கும் வியாதி அது. நான் ஒன்றுதான் கேட்டேன். "முதல்ல அந்தக் காந்தத்தால அளந்து பார்த்தாங்களா?" பதில் இல்லை.

விஷயம் இதுதான். 1985-ல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் குழுவினர் மண்டைக்கு வெளியே ஒரு சுருளை வைத்துக் காந்தத் துடிப்பு கொடுத்தார்கள். கை தானாகத் துள்ளியது. மூளையில் கிளம்பும் கட்டளை தண்டுவடம் வழியாக இறங்கி, சுமார் 20 மில்லி செகண்டில் கைத் தசைக்கு வந்துவிடும். தசைமேல் எலக்ட்ரோடு ஒட்டியிருந்தால் அது அலையாகப் பதிவாகும். நாங்கள் ஆபீசில் பிங் அடித்துப் பார்ப்போமே, அது மாதிரி (தொழில் புத்தி!). நோயாளியால் கையை அசைக்க முடியாவிட்டாலும், அலை வந்தால் லைன் முழுசாக அறுந்துபோகவில்லை என்று அர்த்தம்.

நியூசிலாந்தில் ஆக்லாந்தில் கேத்தி ஸ்டினியர் குழு இதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. 2017-ல் வந்த அவர்களுடைய 'பிரெப் 2' முறையில், 3-ஆம் நாள் தோளைத் தூக்குவதற்கு 5 மார்க், விரலை நீட்டுவதற்கு 5 மார்க். கூட்டி 5-க்கு மேலோ சரியாக 5-ஓ வந்தால் காந்தச் சோதனையே தேவையில்லை. அதற்குக் கீழே போனால்தான் ஒரு வாரத்துக்குள் சோதனை. அலை வந்தால் மூன்று மாதத்தில் கை ஓரளவு நன்றாகவே வேலை செய்யும் என்று கணிப்பு. வராவிட்டால் நம்பிக்கை குறைவு. இந்தக் கணிப்பும் நாலில் மூன்று பேருக்குத்தான் சரியாக வருகிறது. ஜாதகம் இல்லை.

சிகிச்சை வேறு கதை. அமெரிக்காவில் 199 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான சோதனையில், நிஜக் காந்தம் வைத்தவர்களும் போலிக் காந்தம் வைத்தவர்களும் ஒரே மாதிரிதான் தேறினார்கள். இரு தரப்புக்கும் கைப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். பலன் தெரிந்த வேறு சோதனைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நிச்சயமாகக் கை வரும் என்று விற்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை.

எனக்குக் கோபம் எங்கே என்றால், டோஸ் முடிவு செய்யவே கை எந்த அளவில் துள்ளுகிறது என்று பொதுவாகப் பார்ப்பார்கள். அதையே வாதம் வந்த பக்கத்துக்கும் பார்த்து, வந்த பதிலை வீட்டுக்காரர்களிடம் சொல்ல எவ்வளவு நேரமாகும்? அளப்பதில் பாக்கேஜ் இல்லை, அவ்வளவுதான்.

தம்பி நேரில் போய்க் கேட்டான். "அதெல்லாம் ஆராய்ச்சிக்கு, உங்களுக்கு வேணாம்" என்றார்களாம். பேஸ்மேக்கர் இருக்கா, வலிப்பு வந்திருக்கா, தலையில் கிளிப் இருக்கா என்றுகூட விசாரிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டான்.

அந்தப் பணத்தில் இப்போது பிசியோ தினமும் வீட்டுக்கு வருகிறார். கட்டைவிரல் லேசாக அசைந்தது என்று நேற்று சித்தி சொன்னாள். தம்பி பார்க்கவில்லையாம்.