ஆக்குவோரும் ஆடுவோரும்

திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் 2022 ஜூன் திங்களில் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. இளங்குழந்தைகள் ஆடியும் பாடியும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெறல் வேண்டும் என்பதே அதன் நோக்கமாகும்.

இப்பணியில் மூத்த மாணவரும் பங்குகொள்ளலாம். பள்ளிக் கணினியில் ‘ஸ்கிராட்ச்’ என்னும் மென்பொருளைக் கொண்டு சிறு விளையாட்டுகளை அவர்கள் ஆக்கலாம். ஈ, பூ, கை முதலிய ஓரெழுத்து ஒருமொழிகளின் படத்தைத் தொட்டவுடன் எழுத்தும் ஒலியும் தோன்றுமாறு செய்யலாம். ஒருவர் படம் வரைய, ஒருவர் ஒலி சேர்க்க, மற்றொருவர் கட்டளைகளை அமைத்தால் பணி எளிதில் முடியும்.

ஆயினும், அவ்விளையாட்டின் தகுதியை உரைக்க வல்லவர் யாவர்? ஆடும் குழந்தையே! இம்மாவட்டத்துச் செங்கற்சூளைகளில் ஒடியா மொழி பேசும் தொழிலாளரின் குழந்தைகளும் வாழ்கின்றனர். தமிழறியாத அக்குழந்தை ஆடுங்கால் தடுமாறின், குறை குழந்தையினிடத்து இல்லை. விளையாட்டின் அமைப்பிலேயே உள்ளது. அதனை உணர்ந்து திருத்துவோரே பிறர்க்குக் கற்பிக்கும் தகுதியுடையோர் ஆவர்.