ஆலத்தூர் நாடு எந்தக் கண்டத்தில்?

உலகில் எத்தனை நாடுகள் இருக்கின்றன என்று கேட்டால் ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பினர் எண்ணிக்கையை நினைவுகூர்ந்து 193 என்று சொல்வீர்கள். ஆனால் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் மட்டும் பதினான்கு நாடுகள் இருக்கின்றன! வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு என்று நீளும் அந்த வரிசையில் ஆலத்தூர் நாடும் ஒன்று. ஒவ்வொன்றும் சிற்றூர்கள் பல சேர்ந்த ஓர் ஊராட்சி. மலைமேல் வாழும் மக்கள் தங்கள் நிலத்தை இவ்வாறு நாடுகளாகப் பகுத்து அழைப்பது பழைய வழக்கம்.

அங்கே நாடு என்றால் ஊராட்சி. தமிழ்நாடு என்னும்போது அது மாநிலம். இந்திய நாடு என்னும்போது தேசம். இதில் யாருக்கும் குழப்பம் இல்லை. நாட்டின் எல்லை மனிதர்கள் வகுத்துக்கொண்டது, காலத்துக்கும் தேவைக்கும் ஏற்ப மாறக்கூடியது என்பது நமக்குத் தெரியும். கண்டம் என்ற சொல்லுக்கு வந்ததும்தான் நம் போக்கு மாறிவிடுகிறது. இயற்கையே கோடு கிழித்துக் கொடுத்ததுபோல் "கண்டங்கள் ஏழு" என்று எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். எந்த அளவுகோலால் எண்ணினால் ஏழு வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லாத வரையில் அந்த விடை அரை விடைதான் என்பது என் கருத்து.

இந்த ஏழு என்ற கணக்கு எல்லா நாட்டுப் பள்ளிகளிலும் சொல்லித் தரப்படுவதில்லை. லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் உங்களை ஒத்த மாணவர்கள் வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் சேர்த்து ஒரே கண்டமாகப் படிக்கிறார்கள். ரஷ்யாவிலோ ஐரோப்பாவும் ஆசியாவும் இணைந்து யூரேசியா என்ற ஒரே கண்டம். இருவருக்கும் கணக்கு ஆறு. ஆனால் ஒரே ஆறு அல்ல! ஒலிம்பிக் கொடியிலோ ஐந்து வளையங்கள். எல்லோரும் பார்ப்பது ஒரே பூமி உருண்டையைத்தான்.

கடல் சூழ்ந்த பெரிய நிலப்பரப்பே கண்டம் என்று பாடப்புத்தகம் சொல்லும் இலக்கணத்தை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவும் அண்டார்டிகாவும் இதற்குச் சரியாகப் பொருந்துகின்றன. மற்றவை பொருந்துவதில்லை. ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் பிரிக்கும் சூயஸ் கால்வாய் 1869-ல் திறக்கப்பட்டது. அது மனிதர் வெட்டியது. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே அந்த அளவு நீர்கூட முழுமையாக இல்லை.

இந்த இரண்டின் கதை சுவையானது. பண்டைக் கிரேக்கர்கள் ஏஜியன் கடலின் இரு கரைகளுக்கு வைத்த பெயர்களே ஐரோப்பாவும் ஆசியாவும். வடக்கே போகப்போக எல்லை எங்கே என்ற கேள்வி எழுந்தது. டான் ஆறுதான் எல்லை என்றார்கள் பலர். ஒரே நிலத்துக்கு ஏன் மூன்று பெண்களின் பெயர்கள் என்று ஹெரடோட்டஸ் அன்றே வியந்திருக்கிறார். (மூன்றாவது பெயர் லிபியா, ஆப்பிரிக்காவை அவர்கள் அவ்வாறு அழைத்தார்கள்.) யூரல் மலைத்தொடர் எல்லையானது மிகவும் பிற்காலத்தில்தான். போரில் ரஷ்யர்களிடம் சிறைப்பட்டு அந்நாட்டில் பல ஆண்டுகள் இருந்த ஸ்டிராலன்பர்க் என்ற ஸ்வீடன் நாட்டுப் படை அதிகாரி, 1730-ல் வெளியிட்ட நூலில் இந்த எல்லையை முன்வைத்தார். தத்திஷ்சேவ் என்ற ரஷ்ய அறிஞரோ அந்த யோசனையே தம்முடையது என்றார்.

சரி, அந்த யூரல் அப்படி என்ன பெரிய மதில்? அதன் மிக உயர்ந்த சிகரம் 1,900 மீட்டரைக்கூட எட்டவில்லை. நம் நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர்! தொட்டபெட்டாவைவிடத் தாழ்ந்த ஒரு மலைவரிசை இரண்டு கண்டங்களைப் பிரிக்கிறதாம். உலகின் மிக உயர்ந்த இமயத்தை வடக்கே மதிலாகக் கொண்டிருக்கும் நம் நிலப்பகுதியோ வெறும் துணைக்கண்டம். கண்டங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் எந்தக் கரையில் குடியிருந்தார்கள் என்பதை நினைத்தால் காரணம் விளங்கும்.

அப்படியானால் மனித வழக்கத்தை ஒதுக்கிவிட்டு நிலவியலிடம் கேட்கலாமே என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆலத்தூர் நாட்டின் மலையையே கேட்டுப் பார்ப்போம். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலே ஏறும்போது, பாதைக்காக வெட்டப்பட்ட பாறை ஓரங்களில் தெரியும். அதில் பெரும்பகுதி சார்னோகைட் என்ற கருமை படர்ந்த கடினப் பாறை. சென்னைப் பரங்கிமலைப் பக்கத்துப் பாறையும் இந்த இனம்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இந்த வகையாக இருந்ததால், 1893-ல் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அவர் பெயரையே பாறைக்கு இட்டார்.

கொல்லிமலைப் பாறையின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அது உருவானபோது இமயம் இல்லை, இன்றைய ஆசியாவும் இல்லை. பின்னர் மிக நீண்ட காலம் நம் நிலம், ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆஸ்திரேலியா, அண்டார்டிகா, தென் அமெரிக்கா ஆகியவற்றோடு ஒட்டிக் கோண்டுவானா என்ற பெருநிலமாக இருந்தது. நம் கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பெயரே அதற்கு இடப்பட்டது. குளோசோப்டெரிஸ் என்ற ஒரே தாவரத்தின் புதைபடிவம் இந்தியாவிலும் அண்டார்டிகாவிலும் கிடைப்பது இதற்கு ஒரு சான்று. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்து, பின் மடகாஸ்கரையும் விட்டு வடக்கே நகர்ந்த நம் நிலத்தட்டு, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் ஆசியாவோடு மோதியது. இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடக்கே முட்டிக்கொண்டிருக்கிறது. கொல்லிமலையை ஐம்பது வயதுக்காரர் என்று வைத்துக்கொண்டால், ஆசியா அவர் சென்ற ஆண்டு குடிபுகுந்த வீடு!

ஆகவே இந்தியாவைத் தனிக் கண்டம் என்று சொல்லிவிடலாமா? தட்டுகளை வைத்து எண்ணினால் அப்படித்தான் வரும். ஆனால் அதே கணக்கில் அரேபியாவும் தனிக் கண்டமாகிவிடும். சைபீரியாவின் கிழக்குக் கோடி வட அமெரிக்காவுக்குப் போய்விடும். ஐஸ்லாந்து இரண்டாகப் பிளந்து நிற்கும். ஐரோப்பாவும் ஆசியாவின் பெரும்பகுதியும் ஒரே தட்டில் இருப்பதால் ஐரோப்பா என்ற கண்டமே மறைந்துபோகும். பாறை வகையையும் மேலோட்டின் தடிப்பையும் பார்த்தால் இன்னொரு கணக்கு. நியூசிலாந்தைச் சுற்றிக் கடலுக்குள் கிடக்கும் சுமார் 49 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலத்தை ஜீலாந்தியா என்ற தனிக் கண்டமாகக் கொள்ள வேண்டும் என்று 2017-ல் நிலவியலாளர்கள் சிலர் வாதிட்டார்கள். அதில் 94 சதவீதம் நீருக்கடியில்! நிலவியலும் நம் கையில் ஒரே விடையைக் கொடுத்துவிடவில்லை.

இதெல்லாம் வெறும் பெயர்ச் சண்டைதானே, பிள்ளைகளை ஏன் குழப்ப வேண்டும் என்று ஆசிரியர்கள் சிலர் கேட்கலாம். மொராக்கோ நாட்டாரைக் கேட்டால் வேறு சொல்வார்கள். 1987-ல் அந்நாடு ஐரோப்பியச் சமூகத்தில் சேர விண்ணப்பித்தது. அது ஐரோப்பிய நாடு அன்று என்ற காரணத்தால் மறுக்கப்பட்டது. ஐரோப்பாவுக்கும் அதற்கும் இடையே ஜிப்ரால்டர் ஜலசந்தி குறுகிய இடத்தில் 14 கிலோமீட்டர் அகலம்தான். அதே 1987-ல் துருக்கியும் விண்ணப்பித்தது. அதன் நிலத்தில் மிகப் பெரும்பகுதி ஆசியாவில் இருக்கிறது. இருந்தும் 1999-ல் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் வேட்பாளர் நாடாக ஏற்கப்பட்டது. துருக்கிக்கும் தெற்கே கிடக்கும் சைப்ரஸ் தீவை ஐ.நா.வின் புள்ளியியல் பிரிவு மேற்கு ஆசியாவில் வைக்கிறது. அதுவோ 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினராகிவிட்டது. வணிகமும் வேலைவாய்ப்பும் இந்தக் கோட்டோடு பிணைந்திருக்கின்றன. கால்பந்தில் ஆஸ்திரேலியா 2006-ல் ஆசியக் கூட்டமைப்புக்கு மாறி, 2015-ல் ஆசியக் கோப்பையையே வென்றது. இங்கெல்லாம் எல்லை ஒரு முடிவு. யாரோ ஒரு காரணத்துக்காக எடுத்த முடிவு. அதை இயற்கையின் தீர்ப்பு என்று நம்பிவிட்டால், காரணம் நியாயமானதா என்று கேட்கவே நமக்குத் தோன்றாது.

பொதுவான ஏற்பாடு ஒன்று வேண்டும்தான். அஞ்சல் உறைக்கும் தேசப்படத்துக்கும் ஏழு கண்டங்கள் வசதியானவை. ஆலத்தூர் நாட்டு மாணவர் தம் கண்டம் ஆசியா என்றே எழுதலாம். நான் கேட்பது வினாத்தாளில் ஒரு சிறு மாற்றம். "கண்டங்கள் எத்தனை?" என்பதற்கு ஒரு மதிப்பெண் தருவதற்குப் பதில், "கண்டங்களை ஏழு என்றும் ஆறு என்றும் கொள்வதற்கான அடிப்படைகள் யாவை?" என்று கேட்டு ஐந்து மதிப்பெண் தரட்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி நூலகத்தில் வெவ்வேறு பதிப்பகத்தாரின் தேசப்படப் புத்தகங்கள் இரண்டை எடுத்து, ஐரோப்பாவின் மிக உயர்ந்த சிகரம் எது என்று பாருங்கள். 5,642 மீட்டர் உயரமுள்ள எல்ப்ரூஸ் என்று இருந்தால், அந்தப் பதிப்பாளர் காகசஸ் மலைமுகட்டை எல்லையாகக் கொண்டிருக்கிறார். 4,800 மீட்டரைச் சற்றே தாண்டும் மோன் பிளாங்க் என்று இருந்தால், எல்லையைக் காகசஸுக்கு வடக்கே உள்ள மானிச் தாழ்நிலத்தில் வைத்திருக்கிறார். பிறகு அதே புத்தகத்தில் ஐரோப்பாவின் படத்தைத் திருப்பி, கோடு உண்மையில் அங்கேதான் போகிறதா என்று விரலால் தொடர்ந்து பாருங்கள்.