'நெகட்டிவ்' என்பது பாதி விடைதான்

தாமிரபரணிக் கரையில் யாருக்காவது மஞ்சள் காமாலை என்றால் முதலில் குடிநீரைத்தான் சந்தேகிக்கிறோம். ஹெபடைட்டிஸ் எனும் கல்லீரல் அழற்சியின் ஏ, இ வகைகளுக்கு அது பொருந்தும். ஹெபடைட்டிஸ் பி தண்ணீரால் பரவுவதில்லை. ரத்தம், உடலுறவு, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தை என்பவையே அதன் வழிகள். பலருக்குக் கண்கூட மஞ்சளாவதில்லை. ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து, கல்லீரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடக்கூடிய கிருமி அது. ரத்தத்தைச் சோதிக்காமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சோதனையோ பெரும்பாலும் எச்பிஎஸ்ஏஜி என்ற ஒன்றோடு முடிந்துவிடுகிறது. மேலப்பாளையத்து இளைஞர் வளைகுடா வேலைக்குப் போனாலும், அம்பாசமுத்திரத்துக் கர்ப்பிணி மருத்துவமனைக்குப் போனாலும் பார்க்கப்படுவது அதுதான். வயதுவந்தோருக்கு இது போதாது. மூன்று சோதனைகளைச் சேர்த்தே செய்ய வேண்டும்.

எச்பிஎஸ்ஏஜி என்பது கிருமியின் மேலுறைப் புரதம். ரத்தத்தில் அது தென்பட்டால் கிருமி இப்போது உடலில் இருக்கிறது. ஆறு மாதம் கடந்தும் நீடித்தால் நாள்பட்ட தொற்று. ஆனால் 'நெகட்டிவ்' தாளோடு வருபவர் தடுப்பூசியால் காப்புப் பெற்றவராக இருக்கலாம், தொற்று வந்து குணமானவராக இருக்கலாம், எந்தக் காப்பும் இல்லாதவராகவும் இருக்கலாம். இவர்களைப் பிரித்துக் காட்டுபவை எதிர்ப்பொருள் சோதனைகள். மேலுறைக்கு எதிரான ஆன்டி-எச்பிஎஸ் 10 அலகோ அதற்கு மேலோ இருந்தால் காப்பு உண்டு. உட்கருவுக்கு எதிரான ஆன்டி-எச்பிசி தடுப்பூசியால் உண்டாவதே இல்லை; கிருமி ஒருமுறையாவது உடலுக்குள் வந்ததன் தடயம் அது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் 18 வயது கடந்த ஒவ்வொருவருக்கும் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்த மூன்றையும் பார்க்கச் சொன்னது இதனால்தான்.

தடுப்பூசி மலிவு, சோதிக்காமலே எல்லோருக்கும் போட்டுவிடலாமே என்பார்கள். வலுவான வாதம்தான். ஆனால் ஏற்கெனவே தொற்று உள்ளவருக்கு அந்த ஊசி பயன்படாது. சிகிச்சைக்கு வர வேண்டியவர் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நம்பி வீட்டிலிருப்பார். குணமானவரின் கல்லீரலிலும் கிருமியின் எச்சம் பதுங்கியிருக்கும். சில புற்றுநோய் மருந்துகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும்போது அது மீண்டும் கிளம்பும். முன்கூட்டி எச்சரிப்பது ஆன்டி-எச்பிசி ஒன்றே. ரத்தம் எடுத்த அன்றே முதல் ஊசியையும் போட்டுவிடலாம்; ஒன்றுக்காக மற்றொன்றைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆன்டி-எச்பிசி மட்டும் பாசிட்டிவ் என வந்தால் குழப்பம் வரும் என்பதும் உண்மை. பழைய தொற்றாகவும் இருக்கலாம், பொய் முடிவாகவும் இருக்கலாம். அதற்கு மருத்துவர் விளக்கம்தான் தேவை. சோதனையையே கைவிடுவது மருந்தல்ல.

நம் மண்ணில் இன்னொரு மறுப்பும் உண்டு: கீழாநெல்லி இருக்க இதெல்லாம் எதற்கு? 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், இந்தக் கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கோடு சேர்ந்து 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கு எச்பிஎஸ்ஏஜி மறைந்திருந்தது. பிற இடங்களில் பின்னர் நடந்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை. தியாகராஜன் குழுவினரே குணத்தை அளந்தது கண்ணின் நிறத்தால் அல்ல, ரத்தப் பரிசோதனையால் என்பதை யாரும் நினைவில் வைப்பதில்லை. வயதுவந்தவர்களில் 95 விழுக்காட்டினருக்குத் தொற்று தானாகவே அகலும். மஞ்சள் தெளிந்ததற்கு மூலிகையைக் காரணமாக்குவது எவ்வளவு எளிது!

ஹெபடைட்டிஸ் பி-யிலிருந்தும் காக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசி தமிழகத்தில் 2011 டிசம்பரில் அறிமுகமானது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலருக்குத் தம் நிலை தெரியாது. 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் சோதனையையும் மருந்தையும் இலவசமாகத் தருகிறது. பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் ஒரே ஊரில் இருக்கின்றன. கல்லீரல் நோயோடு வரும் ஒவ்வொருவருக்கும் மூன்று சோதனைகளையும் இரண்டும் கட்டாயமாக்க வேண்டும். முடிவைத் தமிழில் ஒரு பக்க விளக்கத்தோடு தர வேண்டும். அதுவரை, உங்கள் சீட்டில் எச்பிஎஸ்ஏஜி மட்டும் இருந்தால் மற்ற இரண்டையும் எழுதித்தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள்.